வரி நோட்டில் யார் பெயர் இருக்கிறது?

எங்கள் ஊர் முத்தாலம்மன் கோயிலுக்கு ஒரு நோட்டு உண்டு. கோடு போட்ட நீளமான கணக்கு நோட்டு. அட்டை பிய்ந்துபோய், பழைய காலண்டர் தாளை ஒட்டி வைத்திருப்பார்கள். புரட்டாசியில் திருவிழா சாட்டியதும் இரண்டு பேர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக வரி வசூலுக்கு வருவார்கள். போன வருஷம் தலைக்கட்டுக்கு 1,500 ரூபாய். தலைக்கட்டு என்றால் குடும்பம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நோட்டைப் பொறுத்தவரை அது கல்யாணமான ஓர் ஆண். பையனுக்குக் கல்யாணம் முடிந்தால் புதுத் தலைக்கட்டு. அந்த ஆண் இறந்துவிட்டால் வீட்டுக்கு அரை வரி. "பாவம், ஆம்பளை இல்லாத வீடு, முழு வரி எங்கிட்டுக் கொடுக்கும்" என்று இரக்கத்தோடுதான் சொல்வார்கள்.

என் அப்பா இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. நோட்டில் இன்னும் அவர் பெயர் இருக்கிறது. பக்கத்தில் சின்னதாக "மனைவி" என்று எழுதி 750 ரூபாய் வரவு வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கென்று ஒரு பெயர் இருப்பது அந்த நோட்டுக்குத் தெரியாது.

மதுரையில் நான் சமூகவியல் படித்தேன். சொன்னால் பாதிப் பேர் "சமூக சேவையா?" என்பார்கள். மீதிப் பேர், மதத்தைப் பற்றிச் சமூகவியல் என்ன சொல்கிறது என்று செல்போன் குழுக்களில் தெரிந்துகொண்டவர்கள். அங்கே இரண்டே கட்சி. "சாமி கும்பிடுகிறவனைக் கேவலப்படுத்தவே இந்தப் படிப்பு" என்பது ஒன்று. "மதமே ஒரு ஏமாற்று என்று இந்தப் படிப்பு நிரூபித்துவிட்டது" என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. மதம், அதிகாரம், பாலினம், விலக்கம் என்ற நாலு சொல்லும் இந்தச் சண்டையில் அர்த்தமே இல்லாமல் அடிபடுகின்றன. அந்த ஒரு நோட்டை வைத்துக்கொண்டே நாலையும் விளக்கிவிடலாம் என்று தோன்றியது.

## சாமி உண்டா என்பது இங்கே கேள்வி இல்லை

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் ரோட்டைப் பார்ப்பார். கண்டக்டர் சில்லறையைப் பார்ப்பார். யார் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் படியில் தொங்குகிறார்கள், யார் ஏறினால் யார் எழுந்து இடம் விடுகிறார்கள், காலியாக இருந்தும் எந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை என்று ஒருவர் கவனித்துக்கொண்டே வந்தால், அவர்தான் சமூகவியலாளர். பஸ் ஊர் போய்ச் சேருமா என்று அவரிடம் கேட்கக் கூடாது. கோயிலிலும் அவர் பார்ப்பது இதைத்தான். சாமி இருக்கிறதா என்று அவர் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டார். சாமிக்கு முன்னால் மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதுதான் அவருடைய வேலை.

முத்தாலம்மனையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்து ஊர்களில் இந்த அம்மனுக்கு நிரந்தரமான கற்சிலை இருக்காது, பீடம்தான். திருவிழாவுக்கு முன்னால் ஊர் சார்பில், மண்பாண்டம் செய்கிற வேளாரிடம், சிலைக்கென்று ஒரு கைப்பிடி மண் கொடுப்பார்கள், அதுதான் பிடிமண். கண்மாய்க் கரம்பையும் வைக்கோலும் பிசைந்து அவர் சிலை செய்வார். காயும்வரை அது வேளார் வீட்டுத் திண்ணையில் நிற்கும். கோழி அதன்மேல் ஏறாமல் இருக்க யாராவது விரட்டிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். திருவிழா அன்று இரவு கண் திறப்பார்கள். அந்த நொடியிலிருந்து அது மண் இல்லை. கூட்டம் குலவை போடும், ஆட்கள் விழுந்து கும்பிடுவார்கள், எதிரே செருப்போடு நிற்க யாருக்கும் துணிச்சல் வராது. மறுநாள் சாயங்காலம் அதே சிலையை ஊர் எல்லைக்குத் தூக்கிப்போய் உடைத்துவிடுவார்கள். மழைக்குக் கரைந்து அது திரும்பவும் கரம்பை மண்ணாகிவிடும்.

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் 1912இல் சொன்னது இதைத்தான். எந்த மதமும் உலகத்தை இரண்டாகப் பிரிக்கிறது: புனிதமானவை, சாதாரணமானவை. புனிதம் என்பது ஒரு கூட்டம் சேர்ந்து தனியாகப் பிரித்து வைத்து, தொடுவதற்கும் நெருங்குவதற்கும் விதி போட்டுக்கொண்ட பொருள். மண்ணில் என்ன மாறியது என்று ஆய்வகத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாறியது அதைச் சுற்றி நிற்கும் ஆட்களின் நடத்தை. சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும்போது ஆற்றுக்குள் நின்றவர்களுக்கு இதன் இன்னொரு பக்கமும் தெரியும். லட்சக்கணக்கான பேர் ஒரே குரலில் கத்தும்போது உடம்பு சிலிர்க்கும், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆள் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார். அந்தச் சிலிர்ப்பு உண்மை. நாம் எல்லாரும் ஒரே ஊர் என்ற நினைப்பு அங்கேதான் புதுப்பிக்கப்படுகிறது என்பார் துர்கைம்.

கார்ல் மார்க்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை, அவரை அரைகுறையாகவே எல்லாரும் மேற்கோள் காட்டுவதால். மதம் மக்களுக்கு அபின் என்று அவர் எழுதியது நிஜம். அதற்கு முந்தின வரியில், மதம் ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு, இதயமற்ற உலகத்தின் இதயம் என்கிறார். அந்தக் காலத்தில் அபின் வலிக்குக் கொடுத்த மருந்து. வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னாரே தவிர, வலிக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லவில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மதம் ஆட்களைச் சேர்த்துக் கட்டுகிறது, அந்தக் கட்டு மனதுக்குள் இருக்கும் நம்பிக்கையால் மட்டும் வருவதில்லை, சேர்ந்து செய்யும் சடங்கால் வருகிறது. ஆனால் "நாம்" என்று ஒரு கட்டுக் கட்டினால், கயிறு எங்கே முடிகிறது என்றும் யாராவது முடிவு செய்தாக வேண்டும். அங்கேதான் அடுத்த சொல் வருகிறது.

## அதிகாரம்: அடிக்காமலே பணிய வைப்பது

தலையில் கட்டும் பரிவட்டத் துணி கடையில் என்ன விலை இருக்கும்? பட்டாக இருந்தாலும் சில நூறு ரூபாய். அதை யாருக்கு முதலில் கட்டுவது என்ற வழக்கு ஒத்தக்கடை பக்கம் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளைவரை போகிறது. வக்கீல் செலவில் ஒரு ஜவுளிக்கடையே வைத்துவிடலாம். முட்டாள்தனம் என்று நகரத்து நண்பர்கள் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் மரியாதை என்பது துணியைப் பற்றிய சண்டை இல்லை. ஊர் முன்னிலையில், சாமி சாட்சியாக, "இவர் முதல் ஆள், அவர் இரண்டாம் ஆள்" என்று வரிசை எழுதப்படுகிற இடம் அது. அந்த வரிசை பிறகு கண்மாய் ஏலத்திலும், பஞ்சாயத்துத் தேர்தலிலும், கல்யாணப் பந்தியிலும் வேலை செய்யும்.

ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொன்னார். கத்தியைக் காட்டினால் யாரும் பணிவார்கள், அது வெறும் பலம். கத்தி இல்லாமலே, "இவர் சொன்னால் கேட்பதுதான் முறை" என்று பணிகிறவரே நினைத்தால், அந்தப் பலத்துக்கு ஏற்பு கிடைத்துவிட்டது என்று பொருள். ஏற்பு பெற்ற பலத்தைத்தான் சமூகவியலில் அதிகாரம் என்கிறோம். அந்த ஏற்பு மூன்று வழியில் வரும் என்றார் அவர். எங்கள் திருவிழாவில் மூன்றும் மூன்று ஆளாகவே நடமாடும். ஊர்ப் பெரியவரான பெரியதனக்காரர் ஒருவர்: அவர் அப்பாவும் தாத்தாவும் பிடிமண் கொடுத்தார்கள், ஆகவே இவரும் கொடுக்கிறார். இது வழக்கத்தால் வந்த அதிகாரம். சாமியாடி ஒருவர்: அருள் வந்திருக்கிறது என்று ஊர் நம்புவதால் அவர் வாக்குக்கு மதிப்பு. இது ஆளின் வசீகரத்தால் வந்தது. அறநிலையத்துறை அலுவலர் ஒருவர்: கோப்பும் முத்திரையும் வைத்திருப்பார், மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வருவார். இது சட்டத்தால் வந்தது.

இந்த மூன்றும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையே சாட்சி. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அன்று கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு வழிவிட்டார். பட்டர்களில் ஒரு பிரிவினர் கோயில் தீட்டாகிவிட்டது என்று பூசைக்கு வர மறுத்தார்கள். வழக்கம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். ராஜாஜி அரசு பின்னாலேயே சட்டம் கொண்டுவந்து நுழைந்தவர்களுக்கும் அனுமதித்தவர்களுக்கும் பாதுகாப்புக் கொடுத்தது. தும்பைப்பட்டிக் கக்கன் பிற்பாடு அமைச்சரானார். இன்று அந்தக் கோபுர வாசலில் வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு, எண்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இந்த வரிசையே ஒரு வழக்காக இருந்தது என்று தெரியும்?

அதிகாரத்துக்குச் சத்தமே போடாத ஒரு முகமும் உண்டு. எங்கள் ஊர்க்கூட்டத்தில் கரகாட்டமா பாட்டுக் கச்சேரியா என்று இரண்டு மணி நேரம் சண்டை நடக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பார்த்தால் பெரிய ஜனநாயகம். அரை வரி ஏன் அரை வரி என்பதும், நோட்டில் ஒரு தெருவே ஏன் இல்லை என்பதும் அந்தக் கூட்டத்தில் ஒரு தடவைகூடப் பேச்சுக்கு வந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எதைப் பேசலாம் என்ற எல்லையைப் போட்டு வைத்திருப்பதுதான் இருப்பதிலேயே கெட்டியான அதிகாரம் என்று நான் நினைக்கிறேன்.

ஆக, அதிகாரம் என்பது பதவியோ மீசையோ இல்லை. பணிகிறவர் மனதில் அதற்கு இடம் இருக்கிறது. வரிசையை எழுதுவது அதன் ஒரு வேலை, கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று.

## பாலினம்: மதுரையா, சிதம்பரமா?

புதுசாகக் கல்யாணமானவரைப் பார்த்து எங்கள் பக்கம் கேட்கிற கிண்டல் இது. மதுரை என்றால் வீட்டில் மனைவி ஆட்சி, சிதம்பரம் என்றால் புருஷன் ஆட்சி. கிண்டலுக்குக் காரணம் மீனாட்சி. சித்திரைத் திருவிழாவில் அவளுக்குப் பட்டாபிஷேகம் நடக்கும், செங்கோல் அவள் கைக்குப் போகும். திக்விஜயம் செய்து திசையெல்லாம் ஜெயித்துவிட்டுத்தான் கல்யாணத்துக்கே வருகிறாள். ஆவணி மூலத் திருவிழாவில்தான் செங்கோல் சொக்கநாதரிடம் போகிறது.

அப்படியானால் இந்த ஊரில் பெண்களுக்குத்தான் அதிகாரமா? இங்கே பால், பாலினம் என்ற இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். உடம்போடு வருவது பால். ஆண் இப்படி இருக்கணும், பெண் இப்படி இருக்கணும் என்று ஊர் கற்றுக்கொடுப்பது பாலினம். ஓர் உதாரணம். வீட்டில் சமைப்பது பொம்பளை வேலை. கிடா வெட்டிக் கோயிலில் சமைக்கும்போது அண்டாவைச் சுற்றி நிற்பது முழுக்க ஆண்கள். திருமங்கலம் பக்கம் கரும்பாறை முத்தையா கோயில் விருந்தில் ஆண்களே சமைத்து ஆண்களே சாப்பிடுவார்கள், சாப்பிட்ட இலை காயும்வரை பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை. மிளகாய் அரைப்பதற்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை. வேலை ஒன்றுதான். அது அடுப்படியில் நடந்தால் கடமை, ஊர் முன்னால் நடந்தால் மரியாதை. கடமை ஒரு பக்கமும் மரியாதை இன்னொரு பக்கமும் தொடர்ந்து போய்ச் சேர்ந்தால், அந்த ஏற்பாட்டுக்கு ஆணாதிக்கம் என்று பெயர். ஆண்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்பது அதன் அர்த்தம் இல்லை. நல்ல ஆண்கள் நிறைந்த ஊரிலும் அது அழகாக நடக்கும்.

முளைப்பாரியும் அப்படித்தான். பெண்கள் விரதம் இருந்து, இருட்டறையில் நவதானியம் முளைக்கவைத்து, ராத்திரி ராத்திரி கும்மி கொட்டி வளர்க்கிறார்கள். முளைப்பாரி செழித்தால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. அதை எந்த நாளில் எடுப்பது என்று முடிவு செய்கிற கூட்டத்தில் அவர்கள் உட்காருவதில்லை.

எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டில் சாணி வழிக்கப் போகும் ஓர் அத்தை இருந்தாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேசினால் அதிகம், அவ்வளவு அமைதி. திருவிழா ராத்திரி உறுமி அடித்ததும் அவளுக்குச் சாமி வரும். முடியை விரித்துப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, நேரே பெரியதனக்காரர் முன்னால் போய் நிற்பாள். "டேய், போன வருசம் என்ன சொன்னேன்? வடக்குத் தெரு கெணத்தைத் தூர்வாருன்னு சொன்னேனா இல்லையாடா?" அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "தப்புத்தான் தாயி, மன்னிச்சிரு" என்பார். அவள் கையால் திருநீறு வாங்கிக்கொள்வார். விடிந்ததும் அவள் அதே வீட்டுக் கொல்லைப்புறத்தில் சாணிக் கூடையோடு நிற்பாள். "நேத்து என்ன பேசினேன்னு எனக்குத் தெரியாதும்மா" என்பாள்.

இதை எப்படிப் படிப்பது என்பதில் சமூகவியலாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வருஷம் முழுக்க அடைத்து வைத்த ஆவியை ஒரு ராத்திரி திறந்துவிடுகிறார்கள், குக்கர் விசில் மாதிரி, அதனால்தான் குக்கர் வெடிக்காமல் இருக்கிறது என்பது ஒரு பார்வை. வேறு எந்த வாயிலும் பேச முடியாதவள் தெய்வத்தின் வாயால் பேசுகிறாள், அதுவும் ஒரு பிடிதான் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது. கிணறு தூர்வாரப்பட்டது. அத்தைக்குச் சம்பளம் ஏறவில்லை.

தெய்வமாக வணங்கப்படுவதற்கும் முடிவெடுப்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை உசிலம்பட்டி பக்கம் நல்லுத்தேவன்பட்டியில் ஒரு பெண் கோர்ட்டில் அளந்து காட்டினார். துர்க்கை அம்மன் கோயில் பூசாரியான தன் அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது அவர்தான் பூசை செய்துவந்தார். அப்பா இறந்த பிறகு, பொம்பளை பூசாரியா என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2008இல் மதுரைக் கிளையில் நீதிபதி கே. சந்துரு அவர் பூசை செய்யலாம் என்று தீர்ப்பளித்தார். கருவறைக்குள் இருப்பதும் பெண்தான் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

"அவங்களே விரும்பித்தானே செய்றாங்க" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். டி. கல்லுப்பட்டி பக்கம் கூவலபுரத்திலும் அதை ஒட்டிய சில ஊர்களிலும் மாதவிடாய் நாட்களில் பெண்கள் முட்டுத்துறை என்ற தனிக் கட்டடத்தில் போய்த் தங்குகிறார்கள். கேட்டால், யாரும் எங்களைத் தள்ளவில்லை, சாமி குத்தம் ஆகிவிடக் கூடாது என்று நாங்களேதான் போகிறோம் என்பவர்களும் உண்டு. பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விருப்பம் என்பது எதற்கும் எதற்கும் நடுவில் தேர்ந்தெடுத்தது என்று கேட்க வேண்டும். போகாமல் இருந்தால் ஊரில் ஒரு மாடு செத்தாலும் மழை பொய்த்தாலும் பழி யார் தலையில் விழும் என்று தெரிந்த பிறகு வருகிற விருப்பம் அது.

சுருக்கமாக: சாமியாகப் பெண் இருப்பது ஒன்று, சபையில் பெண் இருப்பது வேறொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைத்துவிடலாம் என்பதால்தான் இந்தப் பேச்சு எப்போதும் குழம்புகிறது.

## விலக்கம்: கேட்காமலே விடுவது

எங்கள் ஊர்க் காலனியிலிருந்து, அதாவது தலித் குடியிருப்பிலிருந்து, என்னோடு படித்த தோழி ஒருத்தி உண்டு. ஆறாம் வகுப்பில் அவளிடம் சொன்னேன்: "உங்களுக்குக் கொடுத்து வச்சிருக்குடி, வரியே கிடையாது." அவள் ஒன்றும் சொல்லாமல் பாவாடையில் ஒட்டியிருந்த நாயுருவியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வரி என்பது பாரம் மாதிரி தெரிகிற ஓர் உரிமை. வரி கொடுத்தவன் கணக்குக் கேட்கலாம், பிரசாதத்தில் பங்கு கேட்கலாம், தேர் நம் தெருவுக்கு வரணும் என்று சொல்லலாம். ஒரு குடும்பத்தை ஊரை விட்டு ஒதுக்கி வைக்கும்போதும் முதலில் செய்வது அதுதான்: வரியை வாங்க மறுப்பார்கள்.

ஆட்களை அவர்களுடைய பிறப்பையோ வேறு அடையாளத்தையோ நிலைமையையோ காரணம் காட்டி, பொது வாழ்க்கையின் பங்குகளிலிருந்து ஒதுக்கி வைப்பதே சமூக விலக்கம். கதவைச் சாத்துவது அதன் ஒரு வடிவம்தான். பெரும்பாலும் வெளியே தள்ளுவதைவிட, ஓரத்தில் ஒரு இடம் கொடுத்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். எங்கள் திருவிழா தோழியின் தாத்தா பறையை எடுக்காமல் ஆரம்பிக்காது. அவர் இல்லாமல் திருவிழா இல்லை, நோட்டில் அவரும் இல்லை. "நாங்க எல்லாரும் ஒத்துமையாத்தான் சாமி கும்பிடுறோம்" என்று சொல்கிற ஊரில், யார் எந்த வேலைக்காக அங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

வரி மறுக்கப்பட்டவர்கள் சொந்த நோட்டுப் போட்ட கதையும் இந்த மண்ணில் இருக்கிறது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ஜமீன்தாரான சேதுபதி தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. அதற்கு முன்பே அவர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று எடுத்துவைத்து, தங்களுக்கென்று கோயிலும் பள்ளியும் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் வந்தது. யோசித்துப் பார்த்தால் மகமையும் ஒரு தலைக்கட்டு வரிதான்.

எல்லாருக்கும் அந்த வழி திறக்கவில்லை. நிலமும் கடையும் இல்லாதவர்கள் மகமைக்கு எங்கே போவது? பேரையூர் பக்கம் உத்தப்புரத்தில் 1989-90 வாக்கில் தலித் குடியிருப்பைப் பிரித்து ஒரு நீளமான சுவர் எழுப்பப்பட்டது. 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை அரசு இடித்துப் பாதை விட்டது. அங்கிருக்கும் முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2011இல். சுவர் விழுந்த நாளுக்கும் கோயிலுக்குள் கால் வைத்த நாளுக்கும் நடுவில் மூன்று வருஷம். கல்லால் கட்டியதை இடிக்க ஒரு பொக்லைன் போதும்.

விலக்கம் கோயிலோடு நிற்பதும் இல்லை. 1996இல் சில ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, மேலூர் பக்கம் மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவரோடு இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் தேர்தலே ஒழுங்காக நடக்கவில்லை. யாரும் மனுப் போட மாட்டார்கள், அல்லது ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார்கள். 2006இல் ஆட்சியர் த. உதயச்சந்திரன் காலத்தில்தான் அது முடிவுக்கு வந்தது. தலைவர் நாற்காலியும் ஒருவகைப் பரிவட்டம்தான்.

இதெல்லாம் இந்து மதத்தின் பிரச்சினை மட்டும்தானே என்று சிலர் நினைக்கலாம். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் கிறிஸ்தவப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி உயர்சாதியினரிடம் துறவிக் கோலத்தில் போனார். பிறகு மற்ற சாதியினருக்கென்று பண்டார சுவாமிகள் என்ற தனி வகைப் பாதிரியார்களே ஏற்பட்டார்கள். மதம் மாறியவர்கள் கூடவே வரிசையையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

## மேல் படியும் கீழ் படியும்

கடைசியாக ஒரு சிக்கல். மேலே சொன்னதையெல்லாம் படித்தால், ஒரு பக்கம் ஒடுக்குகிறவர்கள், இன்னொரு பக்கம் ஒடுக்கப்படுகிறவர்கள் என்று கோடு கிழித்துவிடலாம் போலத் தெரியும். அம்பேத்கர் அப்படிக் கிழிக்கவில்லை. அவர் சொன்னதை இரண்டு மாடி வீடாக இல்லாமல் ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே பார்த்தால் கூடிக்கொண்டே போகும் மரியாதை, கீழே பார்த்தால் கூடிக்கொண்டே போகும் இளக்காரம். இதற்குப் படிநிலைச் சமத்துவமின்மை என்று பெயர். கீழே ஒரு படி இருக்கிறவரை, ஏணியையே சாய்க்க யாருக்கும் மனசு வராது.

உசிலம்பட்டி வட்டாரத்தின் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மேல் வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் இறந்தார்கள். பிறப்பாலேயே குற்றவாளி என்று ஒரு அரசு முத்திரை குத்தியது அது. அதைவிடப் பச்சையான விலக்கம் கிடையாது. அதே வட்டாரத்தில்தான் பிற்பாடு பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நடந்தன. ஒரு சமூகத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அடி வாங்கிய நினைவு மட்டும் யாரையும் அடிக்காமல் இருக்கச் செய்வதில்லை, ஏணி அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

ஏணிக்குள் பாலினத்தையும் சேர்த்தால் இன்னும் ஒரு முடிச்சு. தோழியின் காலனியில் காளியம்மனுக்குத் தனித் திருவிழா, தனி நோட்டு. அவள் எனக்கு அதை ஒருநாள் காட்டினாள். எங்கள் நோட்டைவிடச் சுத்தமாக, பிளாஸ்டிக் அட்டை போட்டு, ஒரு பட்டதாரிப் பையன் எழுதியது. முதல் பக்கத்தில் அம்பேத்கர் படம். புரட்டிப் பார்த்தேன். தலைக்கட்டுப் பெயர்கள் வரிசையாக, எல்லாம் ஆண்கள். "உங்க நோட்டுல எங்க தெரு இல்ல, எங்க நோட்டுல நான் இல்ல" என்றாள்.

போன புரட்டாசியில் நான் ஒரு வேலை செய்தேன். கணக்கு எழுதுகிற சித்தப்பாவின் நம்பருக்கு ஜிபேயில் 1,500 ரூபாய் அனுப்பிவிட்டு, "அம்மா பேர்ல முழு வரி" என்று செய்தி போட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. திருவிழாவுக்குப் போனபோது கோயில் திண்ணையில் நோட்டு விரித்துக் கிடந்தது. வரிப் பக்கத்தில் அப்பா பெயர், பக்கத்தில் "மனைவி", 750. பின்பக்கம் நன்கொடை என்று தலைப்புப் போட்டு, லைட் செட்டுக்காரரும் டிராக்டர் கடைக்காரரும் கொடுத்ததற்குக் கீழே, என் பெயர், "மதுரை" என்று ஊரும் போட்டு, 750.

"என்ன சித்தப்பா இது?"

"பணம் சரியா வரவு வச்சிருக்கேம்மா, கூட்டிப் பாரு" என்றார் அவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.